சிக்னலை அளந்துவிட்டு ரவுட்டர் வாங்குங்கள்: கிராமத்து வீட்டுக்கு மொபைல் இணையம்

முதலில் தெருவில் விசாரித்துவிடுங்கள். ஊருக்குள் கேபிள் டிவி நடத்துபவரே பல இடங்களில் இப்போது பிஎஸ்என்எல் ஃபைபர் இணைப்பும் கொடுக்கிறார். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடியிழைக் கேபிள் கொண்டுபோவதற்கென்றே டான்ஃபினெட் நிறுவனம் தொடங்கப்பட்டது. ஊராட்சி அலுவலகம் வரை கேபிள் வந்தாலே வீட்டுக்கு வந்ததாக ஆகாது. ஆனாலும் கேட்பதில் செலவில்லை. ஃபைபர் கிடைக்கிறது என்றால் அதையே எடுங்கள். மாலை ஏழு மணிக்கு மேல் மொபைல் டவர் எதுவும் அதற்கு ஈடாகாது.

மற்றவர்களுக்குத்தான் இந்தக் குறிப்புகள். தோட்டத்து வீடு, களத்துமேட்டை ஒட்டிய வீடு, மலையடிவாரம், மழை பெய்தால் செத்துப்போகும் பழைய செம்புக்கம்பி லேண்ட்லைன், “இன்னும் நாலு வீடு சேர்ந்தா கேபிள் இழுத்துடலாம் சார்” என்ற பதிலிலேயே இரண்டு வருடம் ஓடிய இடம்.

வழி இரண்டு. ஒன்று, நிறுவனமே வந்து மாட்டிக் கொடுக்கும் ஏர்ஃபைபர். மொட்டை மாடியில் ஒரு வெளிப்பெட்டி, வீட்டுக்குள் ஒரு வைஃபை பெட்டி, இரண்டையும் இணைக்கும் ஒரே கேபிள். ஜியோ இதை 2023 செப்டம்பர் 19 அன்று தொடங்கியபோது 30 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாதம் 599 ரூபாயும் அதன்மேல் ஜிஎஸ்டியும் வைத்தது. கட்டணம் மாறும், ஆனால் அமைப்பு அதேதான். ஏர்டெல்லும் அதே ஆண்டில் இறங்கியது. இரண்டாவது வழி, நாமே ஒரு சிம் ரவுட்டர் வாங்கி, டேட்டா சிம் போட்டு ஓட்டுவது. ஏர்ஃபைபர் ஆள் உங்கள் வீட்டுக்கு வந்து, அளந்து பார்த்து, “கிடைக்கும்” என்று சொன்னால் யோசிக்காமல் முதல் வழியில் போங்கள்: மாதம் 1000 ஜிபி அளவில் டேட்டா தருவார்கள், பெட்டி கெட்டால் அவர்கள் பொறுப்பு. ஆனால் அது பெரும்பாலும் 5ஜி டவரை நம்பியது. 5ஜியின் முக்கிய அலைவரிசை 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் வரை. அந்த அலை நிறைய டேட்டாவைச் சுமக்கும், ஆனால் ஒரு தென்னந்தோப்பைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். அதனால்தான் டவுனிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளியுள்ள வீட்டுக்கு இரண்டாவது வழியே மிச்சம்.

ஃபுல் டவர் காட்டுகிறது என்பதை நம்பாதீர்கள்

போனில் தெரியும் கோடுகள் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வரைவது. நமக்கு வேண்டியது எண்கள். ஆண்ட்ராய்டு போனில் *#*#4636#*#* என்று டயல் செய்தால் பல மாடல்களில் அந்த எண்கள் உள்ள பக்கம் திறக்கும். ஐபோனில் *3001#12345#*. திறக்காவிட்டால் நெட்வொர்க் செல் இன்ஃபோ போன்ற இலவச ஆப் போதும். இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆர்எஸ்ஆர்பி என்பது டவரின் குரல் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பது. மைனஸ் எண்ணாக வரும், அதனால் மைனஸுக்குப் பின் வரும் எண் சிறியதாக இருந்தால் நல்லது. மைனஸ் 85 சிறப்பு, மைனஸ் 100 வரை வண்டி ஓடும், மைனஸ் 110 தாண்டினால் ஆன்டெனா இல்லாமல் முடியாது, மைனஸ் 120 என்றால் அந்த நிறுவனத்தை மறந்துவிடலாம். எஸ்ஐஎன்ஆர் என்பது அந்தக் குரல் சுற்றியுள்ள இரைச்சலுக்கு மேல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பது. 20க்கு மேல் அருமை, 13க்கு மேல் நல்லது, பூஜ்யத்துக்குக் கீழே போனால் பயனில்லை. இரண்டில் எஸ்ஐஎன்ஆர்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. மைனஸ் 85 சிக்னலும் எஸ்ஐஎன்ஆர் 2-ம் உள்ள இடத்தைவிட, மைனஸ் 103 சிக்னலும் எஸ்ஐஎன்ஆர் 16-ம் உள்ள இடத்தில் வீடியோ நன்றாக ஓடும். கல்யாண மண்டபத்தில் பக்கத்தில் நின்று கத்துபவர் பேச்சு புரியாது, அமைதியான வயலில் தூரத்திலிருந்து கூப்பிட்டாலும் காதில் விழும். அதே கணக்கு.

அளக்க வேண்டிய இடம் ஹால் இல்லை. வீட்டைச் சுற்றி நாலு பக்கமும், பிறகு மொட்டை மாடியிலும் அளங்கள். ஓட்டு வீட்டுக்குள் சிக்னல் ஓரளவு இறங்கும். கான்கிரீட் தளம் நிறையக் குடித்துவிடும், தகரக் கூரை கிட்டத்தட்ட மூடியே போட்டுவிடும். ஒரே நிறுவனத்தின் சிம்மிலேயே ஹாலுக்கும் மாடிக்கும் 15 முதல் 20 டிபி (சிக்னலை அளக்கும் அலகு) வரை வித்தியாசம் வருவது சாதாரணம். பக்கத்து வீட்டாரிடம், சொந்தக்காரரிடம் கைமாற்றாகப் போன் வாங்கி எல்லா நிறுவனங்களையும் பார்த்துவிடுங்கள். காலை ஆறு மணி, மதியம், இரவு ஒன்பது மணி என மூன்று நேரமும் வேகச் சோதனை ஓட்டுங்கள், ஒரு வாரம். காலையில் 40 எம்பிபிஎஸ் வந்து இரவில் 2 ஆகிறது என்றால் சிக்னலில் குறை இல்லை. டவரில் கூட்டம். அதை எந்த ஆன்டெனாவும் சரிசெய்யாது. அந்த நிறுவனத்தை விட்டு அடுத்ததைப் பாருங்கள். சனி ஞாயிறும் இந்த வாரத்துக்குள் வர வேண்டும்.

அலைவரிசை எண்

ரவுட்டர் வாங்கும்போது பலர் சறுக்குவது இங்கேதான். டவர் பேசும் அலைவரிசை ரவுட்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 4ஜியில் ஜியோ 3, 5, 40 ஆகிய பேண்டுகளில் (அலைவரிசை எண்களில்) ஓடுகிறது. ஏர்டெல் பகுதியைப் பொறுத்து 1, 3, 8, 40. பிஎஸ்என்எல்லின் 4ஜி 28-லும் 1-லும் வருகிறது. இதில் 28 என்பது 700 மெகாஹெர்ட்ஸ். தூரம் போகும், சுவரைத் தாண்டும், கிராமத்துக்கு ஏற்றது. ஆனால் விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றில் அது இருக்காது. பெட்டியின் மேல் ‘எல்லா சிம்மும் வேலை செய்யும்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாமல், விவரத் தாளில் பேண்டுகளின் பட்டியலைத் தேடிப் படியுங்கள். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மாமா கொண்டுவந்த ரவுட்டர் என்றால் இரட்டிப்பு எச்சரிக்கை: அந்த ஊர் நிறுவனத்துக்கே பூட்டப்பட்டதாக இருக்கலாம், நம் ஊர் பேண்டு 5 இல்லாமலும் இருக்கலாம்.

பேண்டு 5 (850 மெகாஹெர்ட்ஸ்) வெகுதூரம் எட்டும், ஆனால் அது ஒற்றைத் தடச் சாலை. பேண்டு 40 (2300) அகலமான சாலை, ஆனால் எட்டும் தூரம் குறைவு. ரவுட்டரைத் தானாக விட்டால் பலமாகக் கேட்கும் 5-ஐப் பிடித்துக்கொண்டு ஊர்ந்துகொண்டிருக்கும். பேண்டைப் பூட்டும் வசதி உள்ள ரவுட்டரில் 3 அல்லது 40-க்கு மாற்றிப் பாருங்கள். சிக்னல் எண் மோசமாகத் தெரிந்தும் வேகம் இரண்டு மடங்கு ஆவதும் உண்டு. இந்த வசதிக்காகவே நூறு இருநூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

கேட்டகரி என்பது ரவுட்டரின் வேக வகை. கேட்டகரி 4 என்றால் தாளில் 150 எம்பிபிஎஸ். கேட்டகரி 6 இரண்டு பேண்டுகளைச் சேர்த்து 300 வரை. உங்கள் டவரில் ஒரே பேண்டுதான் எட்டுகிறது என்றால் 6-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண். வெளி ஆன்டெனா மாட்ட இரண்டு துளைகள் இருக்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். பழைய போனை ஹாட்ஸ்பாட்டாக்கி இரவும் பகலும் சார்ஜில் விடுவது மட்டும் வேண்டாம், பேட்டரி உப்பிவிடும்.

டேட்டா கணக்கு

தினமும் 2 ஜிபி என்பது மாதம் 60 ஜிபி. போனுக்கு அது தாராளம், டிவிக்குப் போதாது. எச்டி தரத்தில் படம் ஓடினால் மணிக்கு 3 ஜிபி வரை போகும். தரத்தைக் குறைத்து வைத்தால் ஒரு ஜிபிக்குள் அடங்கும். வீடியோ அழைப்புக்கு மணிக்கு ஒரு ஜிபி என்று வைத்துக்கொள்ளலாம். அன்றைய அளவு தீர்ந்தால் ஜியோவில் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும். வாட்ஸ்அப் எழுத்து போகும், வேறெதுவும் நகராது.

பலரும் கணக்கில் சேர்க்க மறப்பது கேமராவை. 2 எம்பிபிஎஸ் வேகத்தில் இடைவிடாமல் மேலேற்றும் ஒரே கேமரா மணிக்கு 900 எம்பி, நாளைக்கு 21 ஜிபிக்கு மேல் விழுங்கும். அதை மெமரி கார்டிலேயே பதியவிட்டு, ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் அறிவிப்பு வரும்படி வையுங்கள். இன்னொன்று: மொபைல் சிம்மில் உங்களுக்கென்று தனிப் பொது ஐபி முகவரி கிடையாது, ஆயிரக்கணக்கானோர் ஒன்றைப் பகிர்கிறார்கள். அதனால் போர்ட் திறந்துவிட்டு வெளியூரிலிருந்து டிவிஆரைப் பார்க்கும் பழைய முறை வேலை செய்யாது. கியூஆர் கோடு ஸ்கேன் செய்து ஆப்பில் சேர்க்கும் வகைக் கேமராவே வாங்குங்கள்.

கேபிள்தான் திருடன்

ஆன்டெனா வாங்குபவர்கள் அதன் டிபி எண்ணைப் பார்க்கிறார்கள். கூடவே வரும் கேபிளைப் பார்ப்பதில்லை. மெல்லிய ஆர்ஜி 58 வகைக் கேபிள் 1800 மெகாஹெர்ட்ஸில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.7 டிபியைத் தின்னும். பத்து மீட்டர் இழுத்தால் 7 டிபி போயிற்று. 9 டிபி ஆன்டெனா மாடியில் சேகரித்ததில் கீழே வந்து சேருவது 2. எல்எம்ஆர் 400 வகை மீட்டருக்கு 0.2 டிபிதான் இழக்கும், ஆனால் விரல் தடிமன், விலையும் அதிகம். டிடிஎச் டிஷ்ஷுக்குப் போட்ட கேபிளை இதில் மாட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது 75 ஓம், ரவுட்டருக்கு வேண்டியது 50 ஓம், முனையும் பொருந்தாது. விட்டுவிடுங்கள்.

சரியான வழி, ரவுட்டரையே மேலே கொண்டுபோவது. ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் கொண்டுவரும். வெளியில் மாட்டுவதற்கென்றே ஆன்டெனா உள்ளடங்கிய 4ஜி பெட்டிகள் கிடைக்கின்றன. அதே ஈதர்நெட் கேபிள் வழியாகவே மின்சாரமும் ஏறும். அதற்குத் தரும் பிஓஇ அடாப்டர் அந்தப் பெட்டியோடு வந்ததாகவே இருக்க வேண்டும். 24 வோல்ட் பெட்டிக்கு 48 வோல்ட் செலுத்தினால் முதல் நாளே புகைந்துவிடும். அப்படிப் பெட்டி வாங்க வசதியில்லையா? சாதாரண ரவுட்டரை மாடிப்படி ஹெட்ரூமுக்குள் நிழலில் வைத்து, ஒரு மீட்டர் கேபிளில் வெளியே ஆன்டெனா, அங்கிருந்து ஈதர்நெட்டை இறக்கி ஹாலில் பழைய வைஃபை ரவுட்டர். வெயிலில் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்தால் மட்டும் சித்திரை வெயிலில் மதியம் முழுக்கத் தானாக அணைந்து அணைந்து ஆன் ஆகும்.

ஈதர்நெட் கேபிள் கறுப்பு உறை போட்ட வெளிப்புற ரகம், முழுச் செம்பு. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு ரகத்தில் மின்சாரம் மேலே போய்ச் சேருவதற்குள் வோல்ட் குறைந்துவிடும், பெட்டி அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும். கேபிளைப் பிவிசி பைப்புக்குள் விடுங்கள். அணிலும் எலியும் கடிக்கும். குரங்கு வரும் ஊர் என்றால் தொங்கும் எதையும் இழுத்துப் பார்க்கும்.

சிக்னல் பூஸ்டர் என்று ஆன்லைனில் விற்கும் பொருளை வாங்காதீர்கள். தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் அதை வைப்பது இந்தியாவில் சட்டவிரோதம். காரணமும் நியாயமானது: அது கக்கும் இரைச்சல் டவரின் காதை அடைத்து ஊர் முழுக்க அழைப்புகளைக் கெடுக்கும். ரவுட்டரில் மாட்டும் ஆன்டெனா எதையும் பெருக்கிக் கக்குவதில்லை, ஒரே திசையில் கூர்ந்து கேட்டு அதே திசையில் பேசும், அவ்வளவே. அதற்கு இந்தச் சிக்கல் இல்லை.

மாட்டுவது

ஒரு அங்குல ஜிஐ பைப் இரண்டு மீட்டர், யூ கிளாம்ப் இரண்டு. டவர் எந்தத் திசை என்று தெரியாவிட்டால் மத்திய அரசின் தரங் சஞ்சார் தளத்தில் வரைபடத்தில் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியும் டவர் உங்கள் நிறுவனத்தினுடையது என்று முடிவுகட்ட வேண்டாம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மாட்டாதீர்கள். பிளாஸ்டிக் தொட்டிதானே என்று நினைப்போம், அலையைத் தடுப்பது உள்ளே உள்ள தண்ணீர்.

ஒருவர் மாடியில், ஒருவர் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தபடி கீழே. ஆன்டெனாவை 15 டிகிரி திருப்பி, ஒரு நிமிடம் காத்திருந்து, எஸ்ஐஎன்ஆரைக் குறியுங்கள். முழு வட்டம் அடியுங்கள். சிக்னல் உச்சமும் எஸ்ஐஎன்ஆர் உச்சமும் ஒரே திசையில் இருக்க வேண்டியதில்லை; இரண்டாவதையே எடுங்கள். இரண்டு ஆன்டெனா முனைகளையும் மாட்ட வேண்டும், ஒன்றை மட்டும் மாட்டினால் வேகம் பாதியாகலாம். ஆன்டெனாக்கள் தனித்தனியாக இருந்தால் ஒன்றை இடப்பக்கம் 45 டிகிரி, இன்னொன்றை வலப்பக்கம் 45 டிகிரி சாய்த்து மாட்டுங்கள். முனைகளைக் கையால் இறுக்கி, ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விட்டு ஏற்றுங்கள், மழைநீர் அங்கே சொட்டிவிடும்.

பைப்பை எர்த் கம்பியோடு இணையுங்கள். இருந்தாலும் கோடை மழை இடியிலும் ஐப்பசி கார்த்திகை இடியிலும் ஈதர்நெட்டையும் அடாப்டரையும் கழற்றி வைப்பதே பாதுகாப்பு. மின்னல் மாடியில் விழ வேண்டிய அவசியமில்லை, பக்கத்துத் தோப்பில் விழுந்தாலே நீண்ட கேபிள் அந்த அதிர்வைக் கொண்டுவந்து டிவி வரை சுட்டுவிடும்.

சிம், அமைப்பு, மின்சாரம்

வங்கிக் கணக்கோடு சேர்த்த எண்ணை ரவுட்டரில் போடாதீர்கள். ஓடிபி மாடியில் உள்ள பெட்டிக்குப் போய் உட்காரும். தனியாக ஒரு சிம் எடுங்கள். ஒருவர் பெயரில் ஒன்பது சிம் வரைதான், அதையும் நினைவில் வையுங்கள். முதலில் போனில் போட்டு, செயல்படுத்தி, ரீசார்ஜ் செய்து, நெட் ஓடுவதைப் பார்த்தபின் ரவுட்டருக்கு மாற்றுங்கள். நானோ சிம்முக்குப் பிளாஸ்டிக் சட்டம் வைத்துச் செருகினால், எடுக்கும்போது அது மாட்டிக்கொண்டு உள்ளிருக்கும் ஊசிகளை வளைத்துவிடும். மெல்லிய டேப் ஒட்டிச் செருகுங்கள்.

ரவுட்டர் பக்கம் பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1-ல் திறக்கும். நெட் வராவிட்டால் ஏபிஎன் (நிறுவனத்தின் இணைய நுழைவாயில்) பெயரைப் பாருங்கள்: ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட், எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல். ஜியோவில் ஐபி வகையை ஐபிவி4, ஐபிவி6 இரண்டும் என்று வையுங்கள், 4 மட்டும் என்று வைத்தால் முரண்டு பிடிக்கலாம். சில தளங்கள் திறக்கின்றன, சில பாதியில் நிற்கின்றன, ஆபீஸ் விபிஎன் ஏறவில்லை என்றால் எம்டியூ (ஒரே தடவையில் அனுப்பும் டேட்டாப் பொட்டலத்தின் அளவு) மதிப்பை 1500-லிருந்து 1400 ஆக்குங்கள். பாதிப் புகார்கள் இந்த ஒரே எண்ணில் தீரும்.

டவுன்லோடு நன்றாக இருந்தும் மீட்டிங்கில் “உங்க குரல் உடையுது” என்கிறார்களா? டவர் பல வாட்டில் பேசுகிறது, உங்கள் ரவுட்டர் அதிகபட்சம் 0.2 வாட்டில். அது சொல்வது உங்களுக்குக் கேட்கிறது, நீங்கள் சொல்வது அதற்குக் கேட்கவில்லை. இங்கேதான் ஆன்டெனா உண்மையாக உதவும். மழைக்குப் பின் மட்டும் மோசமானால் முனையில் தண்ணீர், அல்லது எதிரே நனைந்த இலைகள். ஆறேழு மாதத்தில் மெல்ல மெல்லக் குறைந்தால் எதிர் வயலில் சவுக்கு நட்டிருக்கிறார்களா என்று எட்டிப் பாருங்கள். பைப்பை உயர்த்தினால் கொஞ்ச காலம் தாங்கும்.

மின்வெட்டுக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ். 8800 எம்ஏஎச் என்று போட்டிருப்பது 3.7 வோல்ட் கணக்கில்; அதாவது 32 வாட் மணி, இழப்பு போக 25. ரவுட்டர் 7 வாட் எடுத்தால் மூன்றரை மணி நேரம். அதற்கு மேல் பெரிதாக வாங்குவது வீண். மின்சாரம் நீண்ட நேரம் போனால் டவரின் பேட்டரியும் தீர்ந்துவிடும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் முதலில் சாவது அடாப்டர். அதே வோல்ட், அதே ஆம்பியர், அதே முனையில் ஒன்று கூடுதலாக வைத்திருங்கள்.

தொடர்ந்து கோளாறு என்றால் உங்கள் நிறுவனத்தின் 198-க்கு அழைத்துப் புகார் எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். மேல்முறையீட்டுக்கு அந்த எண் இல்லாமல் போக முடியாது.

பழைய இணைப்பை உடனே துண்டிக்க வேண்டாம். ஒரு மாதம் இரண்டும் ஓடட்டும், அதற்குள் ஒரு நல்ல மழையும் ஒரு விசேஷ நாளும் வந்து போகட்டும். பொங்கலுக்கு சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஊர் திரும்புகிறவர்கள் எல்லோரும் உங்கள் டவரில்தான் ஏறுவார்கள். அந்த மூன்று நாளும் தாங்கினால் லேண்ட்லைனைத் திருப்பிக் கொடுக்கலாம். மோடத்தை ஒப்படைத்ததற்கு ரசீது வாங்குங்கள், டெபாசிட் பணம் திரும்ப அது வேண்டும்.